சந்து செய்யச் சென்ற கோமகன்

தூது செல்வோனுக்கும் சந்து செய்வோனுக்கும் வேற்றுமை உண்டு. தூதன் ஒரு வேந்தனுக்கு உரியவன். அவன் வாயிற் பிறக்கும் சொல் அவனை விடுத்தானுடைய சொல். சந்து செய்வோன் இருவர்க்கும் பொதுவானவன். அதனாலேயே இருவர்க்கும் அயலானாய் நிற்பவன். உறையூரை முற்றியிருந்த நலங்கிள்ளிக்கும் உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளிக்கும் இடையே புகுந்து போர் தணித்த கோவூர்கிழாரைப் புறநானூறு பயின்றோர் அறிவர். அவர் புகுந்தது ஒரு குடிப்பிறந்த இருவர்க்கிடையே. அவர் பேசிய மொழியே இருவர்க்கும் தாய்மொழி. ஆயின், வேறு வேறு மொழியும் வேறு வேறு சமயமும் உடையராய், ஒரே நிலத்தைத் தத்தம் தாயகமெனக் கூறி நின்ற இரு மக்களுக்கிடையே சந்து செய்யச் சென்று, நான்கு திங்கள் நிறையுமுன் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார் ஒருவர். அவர் சுவீடன் நாட்டுப் போல்க் பேர்ணடொற் பிரபு.

பலஸ்தீன அகதிகள் பற்றிய செய்தி பத்திரிகைகளில் வருந்தோறும், பண்டித வகுப்பில் என்னிடம் பாடங் கேட்கும் மாணாக்கர், வீடு திரும்பும் உரிமை என்று ஓயாது பேசப்படுகின்றதே, அஃது எங்கிருந்து வந்தது, அதனை முதலில் எழுத்தில் வடித்தவர் யார் என்று வினவுவர். அவ்வினாவுக்கு விடையாக யான் இவர் வரலாற்றையே சொல்வது வழக்கம். வாதத்தை மாத்திரம் கற்பவன் ஒரு பக்கத்தை எளிதிற் சார்ந்து விடுகின்றான். வாதம் பிறந்த வரலாற்றைக் கற்பவன் சற்று நின்று சிந்திக்கின்றான்.

குடியும் பிறப்பும்

பேர்ணடொற் பிரபு 1895ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் ஸ்ரொக்கோம் நகரிற் பிறந்தார். சுவீடனின் அரச குடியாகிய பேர்ணடொற் குடியின் முதல்வர் சுவீடர் அல்லர். பிரான்சு தேசத்துப் போ என்னும் ஊரிற் பிறந்து, நெப்போலியன் படையில் மார்ஷலாக உயர்ந்து, 1810இல் சுவீடனின் முடிக்குரியவராகத் தெரியப்பட்டு, 1818இல் அரசரானவர் அவர். அயலவராய் வந்தவரின் வழியை ஒரு நாடு தன் வழியாகவே ஏற்றுக்கொண்டமைக்கு அக்குடி ஓர் எடுத்துக்காட்டு.

போல்க்கின் தந்தையார் இளவரசர் ஒஸ்கார், அரசர் இரண்டாம் ஒஸ்காரின் இரண்டாம் மைந்தர். அவர் அரண்மனையிற் சேடியாயிருந்த எப்பா மங்க் என்னும் நங்கையை விரும்பினார். அரச குலத்திற் பிறவாத பெண்ணை மணக்கும் இளவரசன் முடியுரிமையை இழத்தல் அந்நாட்டு முறை. ஒஸ்கார் தயங்காது அவ்வுரிமையைத் துறந்து 1888இல் அவரை மணந்தார். அம்மணத்திற் பிறந்த மக்கள் ஐவருள் இளையவரே நம் வரலாற்றுத் தலைவர். உரிமையை ஒருவர் தாமே துறப்பது வேறு; அதனைப் பிறர் பறிப்பது வேறு. இவ்வேற்றுமையை வாசகர்கள் நினைவிற் கொள்ளுதல் நன்று. பின்னே இதற்குப் பயன் உண்டு.

இல்லத்தில் ஆடம்பரமில்லை, இறைபக்தியும் கட்டுப்பாடும் இருந்தன. போல்க் படிப்பிற் சிறந்தவரென்று எவரும் சொல்லவில்லை. கார்ள்பேர்க் படைப்பள்ளியிற் பயின்று குதிரைப்படை அதிகாரியானார். 1928இல் எஸ்ரெல் மான்வில் என்னும் அமெரிக்கச் செல்வர் மகளை மணந்தார். பிறந்த மைந்தர் நால்வருள் இருவர் குழந்தைப் பருவத்திலேயே மாண்டனர். 1933இல் சிக்காகோவிலும் 1939இல் நியூயோர்க்கிலும் நிகழ்ந்த பெருங் கண்காட்சிகளில் சுவீடனின் சார்பாளராய் இருந்தார். 1937 முதல் தம் நாட்டுச் சாரணர் இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். நாற்பத்தைந்து வயது வரையில், நற்குணமும் நல்லுறவும் உடைய ஓர் அரச குடிப் பெருமகன் என்பதற்கு மேல் அவரைப் பற்றி உலகம் சொல்லத்தக்கது அதிகமில்லை.

வெண்ணிற வண்டிகள்

1943இல் அவர் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணைத் தலைவரானார். அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் கொதன்பேர்க் துறைமுகத்தில் ஜேர்மனியரும் நேசநாட்டினரும் தத்தம் போர்க் கைதிகளை மாற்றிக்கொண்டனர். நோயுற்றும் உறுப்பிழந்தும் வந்த ஆயிரக்கணக்கான வீரர் தத்தம் ஊர்களுக்குக் கப்பலேறிய காட்சியை அருகிருந்து கண்டவர் அவர். வீடு திரும்புதல் என்பது மனிதனுக்கு யாது என்பதை அவர் அறிந்தது அரசியல் நூல்களால் அன்று. இக்காட்சிகளால் என்றே யான் கருதுகின்றேன்.

1945ஆம் ஆண்டு பெப்ருவரியில் அவர் பேர்லினுக்குப் பறந்தார். நாசிச் சிறைக்கூடங்களில் அடைபட்டிருந்த டென்மார்க், நோர்வே நாட்டவரை விடுவிக்க வேண்டுமென்பது நோக்கம். அதற்கு அவர் பேச வேண்டியிருந்தது ஹிம்லருடன். இலட்சக்கணக்கானோரைக் கொன்றொழித்த கையுடன் கைகுலுக்க வேண்டியிருந்தது. அவ்விருவரும் நான்கு முறை சந்தித்தனர். செஞ்சிலுவை தீட்டி வெண்ணிறம் பூசிய பஸ் வண்டிகள் குண்டு மழைக்கிடையே ஜேர்மனிக்குள் ஓடின. அவற்றிலும் பிற வழிகளிலும் அம்முயற்சியால் ஏறக்குறைய 15,000 பேர் சுவீடன் சேர்ந்தனர். அவருள் ஏறக்குறையப் பாதியினர் டென்மார்க், நோர்வே நாட்டவர். தெரேசியன்ஸ்ரட் முகாமிலிருந்த டென்மார்க்கு யூதர் 400க்கு மேற்பட்டோரும், றாவன்ஸ்புறுக் முகாமிலிருந்த பிரெஞ்சு, போலந்துப் பெண்களும் யூதப் பெண்களும் எஞ்சியோருள் அடங்குவர்.

இச்செயலுக்குப் புகழும் வந்தது, பழியும் வந்தது. தம் நாட்டு அயலவர்க்கு இடம் வேண்டி, நொயன்காமே முகாமிலிருந்து நோயுற்ற வேற்று நாட்டுக் கைதிகளை மற்றை முகாம்களுக்கு ஏற்றிச் செல்ல அவ்வெண்ணிற வண்டிகள் பயன்பட்டமை இன்றும் வரலாற்றாசிரியரால் இடித்துரைக்கப்படுகின்றது. விடுதலைக்கு உழைத்த பிறர் பங்கினை அவர் தம் நூலிற் குறைத்துக் காட்டினார் என்றும் சொல்வர். தீயோனிடம் இரந்து நல்லது செய்யப் புகுவோன் மாசுபடாது மீள்வது அரிது. ஆயினும், மீட்கப்பட்டோர் உயிர் பெற்றது மெய். அவ்வாறு மீண்டோருள் ஒருத்தி, பின்னர் எருசலேம் நகரில் அவருடன் ஒரே வண்டியில் மாண்ட பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் மனைவி என்பதை இங்கே குறித்து மேற்செல்வோம்.

பலஸ்தீனம்

1947ஆம் ஆண்டு நவெம்பர் 29ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை, பிரித்தானியர் ஆட்சியிலிருந்த பலஸ்தீனத்தை யூத நாடு, அராபிய நாடு என இரண்டாகப் பகுக்குமாறு 33க்கு 13 என்னும் வாக்குகளாற் பரிந்துரைத்தது. 10 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. யூதர் அதனை ஏற்றனர். அந்நிலத்திற் பெரும்பான்மையினராய் வாழ்ந்த அராபியர் ஏற்கவில்லை. மறுநாளே பூசல் மூண்டது. 1948 ஏப்பிரில் 9ஆம் நாள் டெயிர் யசீன் என்னும் சிற்றூரில் அராபியர் நூற்றுவர்க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அச்செய்தி ஊர்தோறும் பரவி அச்சத்தை விளைத்தது. அம்மாதத்திலேயே ஹைபாவும் அடுத்த மாதத்தில் யாபாவும் வீழ்ந்தன. அந்நகரங்களின் அராபிய மக்கள் தரைவழியும் கடல்வழியும் வெளியேறினர். மே 14ஆம் நாள் இஸ்ரேல் நாடு அறிவிக்கப்பட்டது. அடுத்த நாள் அண்டை அராபிய நாடுகளின் படைகள் உட்புகுந்தன.

அதே மே 14ஆம் நாள், பொதுச் சபை நடுவர் ஒருவரை நியமிக்கத் தீர்மானித்தது. ஐந்து வல்லரசுகளின் சார்பாளர் கூடி மே 20ஆம் நாள் பேர்ணடொற் பிரபுவைத் தெரிந்தனர். ஐக்கிய நாடுகள் சபையின் வரலாற்றில் இத்தகைய நடுவர் பதவியை முதலில் வகித்தவர் அவரே. பொதுச்செயலாளர் அவருக்குத் துணையாக அனுப்பியவர் றால்ப் பஞ்ச் என்னும் அமெரிக்கக் கறுப்பினத்துப் பேரறிஞர். ஒருவர் அரசர் பேரன். மற்றவர் அடிமையாயிருந்தோர் வழித்தோன்றல். றோட்ஸ் தீவிலே ஒரு விடுதியைத் தலைமையகமாகக் கொண்டு, வெண்ணிறம் பூசிய விமானத்தில் கெய்ரோ, அம்மான், பெய்ரூத், டமாஸ்கஸ், ரெல் அவிவ் என்று பிரபு ஓயாது பறந்தார்.

யூன் 11ஆம் நாள் நான்கு வாரப் போர் நிறுத்தம் கைகூடியது. அது பெரிய செயல். ஆயின் அதனைத் தொடர்ந்து யூன் 27இல் அவர் முன்வைத்த இணக்கத் திட்டம் இருசாராரையும் சினப்படுத்தியது. பலஸ்தீனமும் யோர்தானும் சேர்ந்த ஓர் ஒன்றியம், அதனுள் அராபிய உறுப்பொன்று, யூத உறுப்பொன்று, எருசலேம் அராபியர் பகுதியில், தெற்கேயுள்ள நெகேவ் பாலை அராபியர்க்கு, மேற்குக் கலிலேயா யூதர்க்கு என்பன அத்திட்டத்தின் கூறுகள். தமக்கென நாடு கண்டுவிட்ட யூதர்க்கு ஒன்றியமும் கசந்தது. எருசலேமை இழப்பது அதனினும் கசந்தது. யூத நாடு என்ற ஒன்றையே ஒப்பாத அராபியர்க்கு அதற்கு இடமளிக்கும் எத்திட்டமும் கசந்தது. நிலப்படத்தின்மேற் கோடு கிழிப்பதில் அவர் விரைந்தார் என்றே பலரும் கருதுவர். யானும் அவ்வாறே கருதுகின்றேன்.

ஆயினும் அத்திட்டத்தின் இறுதியில் ஒரு கூறு இருந்தது. போரினால் தம் உறைவிடம் விட்டு நீங்கிய பலஸ்தீன வாசிகள் யாவரும் தடையின்றித் திரும்பவும், தம் உடைமைகளை மீளப் பெறவும் உரிமையுடையர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அது. எல்லைக் கோடுகளை எல்லாரும் விவாதித்த அந்நாளில் இக்கூற்றைக் கருதினோர் சிலரே. கோடுகள் மறைந்தன, இக்கூறே நின்றது.

றமல்லாவிற் கண்டது

யூலை 9இல் போர் மீண்டும் மூண்டு பத்து நாள் நடந்தது. அப்பொழுது லித்தா, றம்லா என்னும் இரு நகரங்களை இஸ்ரேற் படை கைப்பற்றி, அங்கிருந்த அராபிய மக்களை வெளியேற்றியது. கோடை வெயிலிலே, குடிநீரின்றி, குழந்தைகளையும் முதியோரையும் சுமந்துகொண்டு 50,000 பேருக்குக் குறையாதோர் கிழக்கு நோக்கி நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். யூலை 18இல் இரண்டாம் போர் நிறுத்தம் வந்தபின், பிரபு றமல்லா நகருக்குச் சென்று அவர்களைக் கண்டார். இரண்டாம் உலகப் போரின் பின் ஐரோப்பாவில் எத்தனையோ அகதி முகாம்களைப் பார்த்தவர் அவர். அவை எவற்றினும் றமல்லாக் காட்சி கொடிதென அவருடைய நாட்குறிப்பு நூல் கூறுகின்றது. அவருடைய வண்டியைச் சூழ்ந்த கூட்டம் உணவு கேட்டது. வீட்டுக்குப் போகவேண்டுமென்றும் கேட்டது.

யூலை 26ஆம் நாள் அவர் இஸ்ரேல் அரசிடம் ஒரு சிறு வேண்டுகோளை வைத்தார். இறுதி உரிமை பற்றிய வழக்கு ஒருபுறம் இருக்க, யாபா, ஹைபா நகரங்களில் வாழ்ந்தோருள் வரையறுத்த ஒரு தொகையினரையேனும் ஓகஸ்ட் 15 முதல் திரும்ப விடுங்கள் என்பது அது. வெளிநாட்டமைச்சர் மோஷே ஷெர்ற்றொக் ஓகஸ்ட் 1ஆம் நாள் மறுமொழி அளித்தார். போர் நிலை நீங்காதபோது, பகை நாடுகளின் பக்கம் நிற்கும் மக்களை உள்ளே விடுவது நாட்டின் காவலுக்குக் கேடு. அகதிகள் தோன்றியது அராபியர் தொடுத்த போரினால். அமைதிப் பேச்சில் இதனையும் ஏனையவற்றோடு சேர்த்து நோக்கலாம் என்பது அதன் சாரம். இன்றுவரை அவ்வரசு கூறிவரும் வாதத்தின் முதல் வடிவம் இதுவே. எனவே, உரிமையைக் கேட்ட குரலும் அதனை மறுத்த குரலும் அந்த ஒரு வாரத்திலேயே முழு உருப்பெற்றுவிட்டன எனலாம்.

இறுதி அறிக்கை

செப்டெம்பர் 16ஆம் நாள் றோட்ஸ் தீவிலிருந்து அவர் தம் அறிக்கையைக் கைச்சாத்திட்டு அனுப்பினார். ஒன்றியத் திட்டத்தைக் கைவிட்டிருந்தார். இஸ்ரேல் என்பது உள்ள நாடு. அதனை இல்லையெனக் கொள்ளல் இயலாது என ஒப்பினார். எருசலேம் ஐக்கிய நாடுகளின் பொறுப்பில் இருத்தல் வேண்டுமென்றார். உதவி வேண்டி நின்ற அராபிய அகதிகள் 3,60,000 பேர் எனவும், யூத அகதிகள் ஏறக்குறைய 7,000 பேர் எனவும் கணக்கிட்டார். இரு கணக்கையும் ஒரே அறிக்கையில் அவர் எழுதியமை என் நெஞ்சைத் தொடுவதொன்று.

அகதிகள் பற்றி அவர் கூறியவற்றை மூன்று படியாக வகுக்கலாம். முதலாவது, உரிமை. தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தில் வேரூன்றியிருந்த மக்களுக்கு வாயில் அடைபட்டிருக்க, பிற நாடுகளிலிருந்து யூதக் குடியேறிகள் உள்ளே வந்துகொண்டிருப்பது நீதியின் அடிப்படைக்கே மாறானது என்று அவர் கண்டார். இரண்டாவது, தெரிவு. திரும்ப விரும்புவோர் திரும்புக. விரும்பாதார் தம் உடைமைக்குத் தகுந்த ஈடு பெறுக. இரண்டில் ஒன்றைத் தெரிவது அகதியின் கையிலேயே இருத்தல் வேண்டும். மூன்றாவது, நடைமுறை. உரிமையை ஒப்பிய மாத்திரத்தே இடர் தீர்ந்துவிடாதென்று அவரே எழுதினார். பலருக்குத் திரும்ப வீடே இராது. அவர்களைப் புதிய நாட்டில் நிலைநிறுத்துவது பொருளியலாலும் சமூகவியலாலும் கடிய காரியம். ஆதலால் ஐக்கிய நாடுகளின் ஆணைக்குழு ஒன்று அதனை மேற்பார்க்க வேண்டும் என்றார்.

இம்மூன்று படியையும் அவர் ஒன்றோடொன்று குழப்பவில்லை. பின்னாளில் நிகழ்ந்த வாதங்களிலே, நடைமுறை அரிது என்று காட்டி உரிமையே இல்லையென்போர் ஒருபுறமும், உரிமை உண்டு என்று காட்டி நடைமுறையின் அருமையை எண்ணாதார் மறுபுறமும் நின்றனர். குதிரைப்படையில் வளர்ந்த, பெரும் படிப்பில்லாத அப்பிரபு இருவரினும் தெளிவாகக் கண்டார் என்பது என் துணிபு.

கற்றமோன் தெருவில்

மறுநாள், செப்டெம்பர் 17, வெள்ளிக்கிழமை. அவர் எருசலேம் சென்றார். மாலையில் மூன்று வண்டிகள் கற்றமோன் பகுதியூடே வந்துகொண்டிருந்தன. அவர் கையிலும் உடன் வந்தோர் கையிலும் படைக்கலம் இல்லை. பின்னிருக்கையில் அவருக்கருகே அன்ட்றே செறோ என்னும் பிரெஞ்சுத் தளபதி அமர்ந்திருந்தார். தம் மனைவியைச் சிறைக்கூடத்திலிருந்து மீட்ட பிரபுவுக்கு நேரில் நன்றி கூற விரும்பி அவ்விருக்கையைக் கேட்டுப் பெற்றவர் அவர். தெருவை ஒரு ஜீப் வண்டி மறித்தது. இறங்கி வந்தோருள் ஒருவன் சாளரத்தினூடே சுட்டான். இருவரும் மாண்டனர்.

சுட்டவர்கள் லேகி என்னும் இயக்கத்தினர். ஸ்ரேண் கூட்டம் என்றும் அதனை வழங்குவர். எருசலேமை அராபியர்க்கு அளிக்கும் மனிதர் என்றே அவர்கள் அவரைக் கருதினர். அக்கருத்தை அவர் முதல் நாளே தம் அறிக்கையில் மாற்றியிருந்தது அவர்களுக்குத் தெரியாது. இஸ்ரேல் அரசு அக்கொலையைக் கண்டித்தது, அவ்வியக்கத்தைத் தடைசெய்தது, தலைவர் இருவரைப் பயங்கர இயக்கத்தைச் சார்ந்தமைக்காகத் தண்டித்துப் பின் 1949இல் பொது மன்னிப்பில் விடுவித்தது. கொலைக்காக ஒருவரும் மன்றேறவில்லை. அவ்வியக்கத்தை நடத்திய மூவருள் ஒருவராகிய இற்சாக் ஷமீர் 1983இல் இஸ்ரேலின் தலைமை அமைச்சரானார். 1995இல் அந்நாட்டு வெளிநாட்டமைச்சர் ஷிமோன் பெரஸ் ரெல் அவிவ் நகரில் நடந்த நிகழ்ச்சியொன்றில் அக்கொலைக்கு வருத்தந் தெரிவித்தார்.

அவ்விறப்பினின்று ஒரு சட்டக் கொள்கையும் பிறந்தது. தன் பணியாளர் கொல்லப்பட்டமைக்கு ஒரு நாட்டிடம் ஈடு கேட்க ஐக்கிய நாடுகள் சபைக்குத் தகுதி உண்டோ என்னும் வினா எழ, உண்டு என்று சர்வதேச நீதிமன்றம் 1949 ஏப்பிரில் 11ஆம் நாள் கருத்துரைத்தது. அடுத்த ஆண்டு இஸ்ரேல் அவ்வீட்டைச் செலுத்தியது. பஞ்ச் அவர்கள் பிரபுவின் பணியை ஏற்று, றோட்ஸ் தீவிலேயே 1949இல் போர் நிறுத்த உடன்படிக்கைகளை முடித்து, 1950இல் நொபெல் சமாதானப் பரிசு பெற்றார்.

தீர்மானமும் இலக்கணமும்

1948 டிசெம்பர் 11ஆம் நாள் பொதுச் சபை 194ஆம் இலக்கத் தீர்மானத்தை 35க்கு 15 என்னும் வாக்குகளால் ஏற்றது. 8 நாடுகள் வாக்களிக்கவில்லை. அதற்கு முதல் நாளே, எவரும் தம் நாட்டை விட்டுச் செல்லவும் தம் நாட்டுக்குத் திரும்பவும் உரிமையுடையர் என்னும் கூற்றினை உள்ளடக்கிய மனித உரிமைப் பிரகடனத்தை அதே சபை ஏற்றிருந்தது. 194ஆம் தீர்மானத்தின் 11ஆம் பந்தி பேர்ணடொற் அறிக்கையிலிருந்து பிறந்தது. ஆயினும் தாய்க்கும் மகவுக்கும் வேற்றுமை உண்டு. சொல்லாய்வோர் அதனைக் காணத் தவறலாகாது.

பிரபுவின் அறிக்கையில் உரிமை என்னும் சொல் உண்டு. தீர்மானத்தின் அப்பந்தியில் அச்சொல் இல்லை. அறிக்கை இயன்ற விரைவில் என்றது. தீர்மானம் நடைமுறைக்கு ஒத்த முதற் காலத்தில் என்றது. அறிக்கை அராபிய அகதிகள் என்றது. தீர்மானம் அகதிகள் என்று பொதுவாகச் சொல்லி, அண்டையாருடன் அமைதியாய் வாழ விரும்புவோர் என்று ஓர் அடையும் சேர்த்தது. இனி வினையை நோக்குவோம். அனுமதிக்கப்படுதல் வேண்டும் என்னும் பொருள்பட நிற்கும் அவ்வாங்கில வினை நம் இலக்கணப்படி ஏவலன்று, வியங்கோள். வியங்கோள் விதித்தற்கும் வரும், வேண்டிக்கோடற்கும் வரும். அகதிகள் பக்கத்தார் அதனை விதித்தல் என்பர். இஸ்ரேல் பக்கத்தார் வேண்டல் என்பர், பொதுச் சபையின் தீர்மானங்கள் பரிந்துரையே என்று சட்ட நூலையும் துணைக்கழைப்பர். 1948 முதல் நடைபெறும் வழக்கின் பெரும்பகுதி இவ்வொரு வினைமுற்றின் பொருள் பற்றியதே.

இன்னும் வியப்பானது, அன்று அத்தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தோருள் அச்சபையிலிருந்த அராபிய நாடுகள் அடங்குவர். இஸ்ரேலைப் பின்வாயிலால் ஒப்புவதாகும் என அவை அஞ்சின. பின்னர் அவையே அதனைத் தம் வழக்கின் தூணாகக் கொண்டன; 2002இல் பெய்ரூத் நகரிற் கூடி வெளியிட்ட சமாதானத் திட்டத்திலும் அதனையே சுட்டின. இஸ்ரேல் 1949இல் லோசான் மாநாட்டில், முழு அமைதி ஏற்படுமாயின் 1,00,000 பேரை ஏற்பதாகக் கூறியது. அது போதாதென அராபியர் மறுத்தனர். 1950இல் இயற்றிய சட்டங்களுள் ஒன்றால், இல்லாதார் உடைமைகளை அவ்வரசு தன் காப்பாளர் கையிற் சேர்த்தது. மற்றொன்றால் உலகிலுள்ள யூதர் யாவர்க்கும் அந்நிலத்துக்குத் திரும்பும் உரிமை அளித்தது. ஈராயிரம் ஆண்டுப் பிரிவுக்குப்பின் திரும்புவோனுக்கு ஒரு சட்டம், ஈராண்டுப் பிரிவுக்குப்பின் திரும்ப நினைப்போனுக்கு வேறொரு சட்டம் என்று பலஸ்தீனர் கேட்கின்றனர். ஈராக், யெமென், எகிப்து முதலிய அராபிய நாடுகளிலிருந்து இலட்சக்கணக்கான யூதர் தம் உடைமை இழந்து வந்தனரே, அவர்களை நாங்கள் ஏற்றுக்கொண்டோமே, உங்கள் உடன்பிறந்தாரை அராபிய நாடுகள் ஏன் ஏற்கவில்லை என்று இஸ்ரேலர் கேட்கின்றனர். இரண்டும் வெறும் வாய்ப்பேச்சல்ல. இரண்டின் பின்னும் வீடிழந்த மக்கள் நிற்கின்றனர். ஆயினும், ஒருவன் இழந்த வீட்டுக்கு மற்றொருவன் வீடு ஈடாகாது. பாக்தாத்தில் வீடிழந்த யூதனுக்குக் கடன்பட்டது ஈராக் அரசு. லித்தாவில் வீடிழந்தவன் அக்கடனை இறுத்தற்கு உரியனல்லன். இருவர்க்கும் தனித்தனி வழக்கு உண்டு.

அகதிகளின் தொகை அந்த 3,60,000 என்ற கணக்கோடு நிற்கவில்லை. போர் முடிந்தபோது ஏறக்குறைய 7,00,000 ஆயிற்று. நானூறுக்கு மேற்பட்ட ஊர்கள் வெறுமையாயின; அவற்றுட் பெரும்பாலன இடிக்கப்பட்டன. 1950 மே மாதம் பணி தொடங்கிய ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிவாரண நிறுவனத்தின் பதிவேட்டில், அவர்தம் வழித்தோன்றல்களையும் சேர்த்து, தொகை 50 இலட்சத்தைக் கடந்துவிட்டது. இத்துணைப் பேரும் திரும்பின் தன் யூதத் தன்மை நிலைக்காதென்று இஸ்ரேல் அஞ்சுகின்றது. உரிமையைக் கைவிடின் தம் வரலாறே பொய்யாகுமென்று பலஸ்தீனர் அஞ்சுகின்றனர். 2000இல் காம்ப் டேவிட்டிலும் 2001இல் தாபாவிலும் நிகழ்ந்த பேச்சுக்கள் தீர்க்க இயலாது விட்ட முடிச்சுக்களுள் இதுவும் ஒன்று.

இவ்வச்சங்கள் இரண்டும் பேர்ணடொற் பிரபுவுக்குப் புதியனவாய்த் தோன்றியிரா. அவர் கேட்டது எல்லாரும் ஒரே நாளிற் கட்டாயமாகத் திரும்ப வேண்டும் என்பதன்று. உரிமை உண்டென முதலில் ஒப்புக. பின் ஒவ்வொருவரையும் தனித்தனி வினவுக. அவர் தெரிவதைப் பொதுவான ஒருவர் முன்னிலையில் நிறைவேற்றுக என்பதே. அவர் தந்தையார் முடியுரிமையைத் துறந்தார். துறக்குமாறு எவரும் அவரைத் துரத்தவில்லை. வினவப்பட்டார், விடை கூறினார். பலஸ்தீன அகதியை அவ்வாறு முறைப்படி வினவி, அவர் விடையை நிறைவேற்றினார் இலர். எத்தனை பேர் திரும்ப விரும்புவர், எத்தனை பேர் ஈடு பெற்று அமைவர் என்பதை இருபக்கத்துத் தலைவரும் தத்தம் மனப்போக்கில் ஊகித்து வழக்காடுகின்றனரேயன்றி, அதற்கு விடை கூற உரியவரிடம் சென்றிலர்.

பிரபுவின் உடல் ஸ்ரொக்கோமுக்கு அருகே சோல்னாவிலுள்ள வடக்கு இடுகாட்டில் அடக்கம் பெற்றிருக்கின்றது. சிறைக்கூடத்தினின்று வீடு திரும்பியோர் பலர் அவருக்குப்பின் நெடுங்காலம் வாழ்ந்து, மக்களையும் பேரரையும் கண்டு மறைந்தனர். றமல்லாத் தெருவில் அவர் வண்டியைச் சூழ்ந்தோரும் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். அவர்தம் பேரர் இன்றும் பதிவேட்டில் அகதிகளாகவே இருக்கின்றனர். முன்னையோர் திறத்து அவர் பணி முற்றுப்பெற்றது. பின்னையோர் திறத்து முதலாவது படியிலேயே நிற்கின்றது.